விழிஞ்ஞம் கரையும் உளவியல் வகுப்பறையும்

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, விழிஞ்ஞம், பூந்துறை உள்ளிட்ட திருவனந்தபுரம் கடற்கரைகளின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் பத்தனம்திட்டாவுக்கும் விரைந்தனர். மாநில அரசின் கணக்குப்படி, கேரளக் கரை முழுவதிலுமிருந்து 669 படகுகளில் சென்ற 4,537 மீனவர்கள் ஏறத்தாழ 65,000 பேரைக் காப்பாற்றினர். கேரளத்தின் சொந்தப் படை என்று அவர்களை நாடே போற்றியது.

நான்கு ஆண்டுகள் சென்றன. அதானி குழுமம் கட்டிவந்த துறைமுகத்திற்கு எதிரான போராட்டத்தின் உச்சத்தில், 2022 நவம்பர் 27 இரவு விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் காயமுற்றனர். சுமார் 3,000 பேர் மீது வழக்குப் பதிவாயிற்று. உடனே பேச்சு மாறியது. கடற்கரைக்காரர்கள் முரடர்கள், உணர்ச்சிவசப்படுகிறவர்கள், மேடையிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அதன்படி நடக்கிறவர்கள் என்று பேசுவது எளிதாயிற்று.

தியாகிகள் என்று போற்றப்பட்டவர்களும் முரடர்கள் என்று ஏசப்பட்டவர்களும் ஒரே மக்கள்தாம். நான்கு ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் குணம் தலைகீழாக மாறிவிடுவதில்லை. அப்படியானால் மாறியது எது? மனிதன் இன்னவாறு நடந்துகொள்வதற்குக் காரணம் அவனுக்குள் இருக்கிறதா, அவனைச் சூழ்ந்துள்ள நிலைமைகளில் இருக்கிறதா? இக்கேள்வியை ஆராய்வதற்கென்றே பல்கலைக்கழகங்களில் ஒரு பாடம் இருக்கிறது. சமூக உளவியல், ஆளுமை உளவியல் என்று இரட்டைப் பெயரில் அது கற்பிக்கப்படுகிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை இயங்கும் காரியவட்டம் வளாகத்திற்கும் விழிஞ்ஞத்திற்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இப்பாடம் கற்பிக்கப்படும் விதத்தைப் பார்த்தால், வகுப்பறைக்கும் கடற்கரைக்கும் இடையே ஒரு பெருங்கடல் கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

குணம் என்னும் குற்றச்சாட்டு

பிறர் தவறு செய்யும்போது அதற்கு அவர்களுடைய குணத்தைக் காரணமாகச் சொல்வதும், தாம் தவறு செய்யும்போது சூழ்நிலையைக் காரணம் காட்டுவதும் மனிதரிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். பிறரை எடைபோடும்போது குணத்தை மிகைப்படுத்திச் சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிடும் இந்தச் சாய்வுக்கு அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் 'அடிப்படைக் காரணமேற்றல் பிழை' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்யாத உளவியல் மாணவர் இரார்.

ஒக்கிப் புயல் இந்தப் பிழைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி புயலாக வலுப்பெற்றது. அதற்கு முன்பே விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்களும் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களும் கடலுக்குள் இருந்தனர். ஆழ்கடல் தொழிலுக்குச் சென்றோர் கரையை விட்டுப் பல நாட்கள் ஆகியிருந்தன. கரையிலிருந்து சில கல் தொலைவு சென்றதும் கைப்பேசி ஊமையாகிவிடும். புயல் எச்சரிக்கை வெளியானபோது அதைக் கேட்கும் கருவி அவர்களிடம் இல்லை. இரு மாநிலங்களிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். இத்தனைக்குப் பிறகும் 'மீனவர்கள் எச்சரிக்கையை மதிப்பதில்லை' என்ற பேச்சு எழுந்தது. செய்தி சென்றடையாதது அமைப்பின் குறை. அதை மீனவனின் குணக் குறையாக மாற்றிவிட்டால், தொலைத்தொடர்புக் கருவிக்கும் மீட்புக் கப்பலுக்கும் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

மனிதனின் நடத்தை அவனும் அவனுடைய சூழலும் சேர்ந்து விளைவிப்பது என்பதைக் கர்ட் லெவின் 1936-இல் ஒரு சிறு சமன்பாடாகவே எழுதிவைத்தார். 1968-இல் வால்டர் மிஷெல் இன்னும் ஓரடி முன்னே சென்றார். ஆளுமைச் சோதனையில் ஒருவர் பெறும் மதிப்பெண்ணுக்கும் குறிப்பிட்ட சூழலில் அவர் நடந்துகொள்ளும் விதத்திற்கும் உள்ள தொடர்பு மிகவும் தளர்வானது என்பதை, அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். பல ஆண்டுகள் நீடித்த விவாதத்தின் முடிவில் துறை ஏற்றுக்கொண்ட கருத்து நிதானமானது: தனிமனித இயல்பு என்று ஒன்று உண்டு, ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளிப்படும் முத்திரை அன்று, இந்தச் சூழலில் இப்படி, அந்தச் சூழலில் அப்படி என்று உறவுகளினூடே வெளிப்படுவது. மனிதனை அவனுடைய சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்து அவனுடைய சாரத்தைத் தேடுவது வீண் என்று 1845-இலேயே மார்க்ஸ் குறித்துவைத்திருந்ததை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது.

வெள்ளத்தில் கயிறு வீசிய கையும் காவல் நிலையத்தின் மீது கல் வீசிய கையும் ஒரே ஊரின் கைகளாக இருப்பதை இந்தப் பார்வையில்தான் புரிந்துகொள்ள இயலும். புரிந்துகொள்வது நியாயப்படுத்துவதாகாது. காயமுற்ற காவலரும் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவரே. ஆயினும் 'அவர்கள் அப்படித்தான்' என்று சொல்வது விளக்கமாகாது. அது விசாரணையைத் தொடங்குமுன்பே முடித்துவைக்கும் வேலை.

பாசிசத்தின் நிழலில் வளர்ந்த அறிவு

இன்று மேலாண்மைப் பயிற்சியின் துணைப்பாடம் போலத் தோற்றமளிக்கும் இத்துறை எங்கே உரம் பெற்றது என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. லெவின், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். அவருடைய தாய் நாஜிகளின் முகாமில் கொல்லப்பட்டார். குழு மோதல் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற முசாஃபர் ஷெரிஃப், நாஜி இனவாதத்தைக் கண்டித்து எழுதிய துருக்கியர்; 1944-இல் சொந்த நாட்டில் சிறை வைக்கப்பட்டவர். ஹென்றி டாஜ்ஃபெல் போலந்து யூதர். போர்க்கைதியாக உயிர் பிழைத்துத் திரும்பியபோது குடும்பத்தினர் அநேகமாக எவரும் எஞ்சியிருக்கவில்லை. சாதாரண மனிதர்கள் எவ்வாறு வெறுப்பின் படைவீரர்களாக மாறுகிறார்கள் என்பது இவர்களுக்குத் தேர்வு வினா அன்று. உயிரோடு பிணைந்த வினா.

மரீ யஹோடாவின் கதை தொழிலாளர் இயக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஆஸ்திரிய சோஷலிஸ்டான அவரும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் ஸைசலும் 1930களின் தொடக்கத்தில் மரீன்தால் என்னும் ஊரை ஆராய்ந்தனர். அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டதால் ஊரே வேலையிழந்திருந்தது. 478 குடும்பங்களின் வாழ்க்கை பதிவாயிற்று. வேலையற்றவர்கள் பொங்கி எழுவார்கள் என்ற எதிர்பார்ப்புக்கு மாறான காட்சி கிடைத்தது. நாள் முழுதும் ஓய்வாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்போர் குறைந்தனர். ஆண்களின் நடை தளர்ந்தது. நேரம் என்பதே பொருளற்றுப் போனது. வறுமை தானாகப் போராட்டத்தைப் பிறப்பிக்காது, சோர்வையும் பிறப்பிக்கும் என்ற இந்தப் பாடம் எந்த இயக்கமும் மறக்கக்கூடாதது.

அவர்கள் கைக்கொண்ட முறை இன்னும் முக்கியமானது. வெறும் பார்வையாளராக எவரும் அவ்வூருக்குள் நுழையக்கூடாது; மக்களுக்குப் பயன்படும் ஏதேனும் ஒரு வேலையைச் செய்தாக வேண்டும் என்று ஆய்வுக் குழு விதி வகுத்துக்கொண்டது. துணி திரட்டிக் கொடுத்தனர், மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தனர், வகுப்புகள் நடத்தினர். 1933-இல் ஆய்வு நூலாக வெளிவந்தது. 1936-இல் தலைமறைவு அரசியல் பணிக்காக யஹோடா சிறைப்பட்டார். பின்னர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்.

கடலரிப்பில் வீட்டை இழந்து வலியதுறையின் சிமெண்ட் கிடங்கில் குழந்தைகளோடு ஆண்டுக்கணக்கில் கிடந்த குடும்பங்களிடம் இத்தகைய ஆய்வு எத்தனையோ கேள்விகளைக் கேட்டிருக்கலாம். திரைச்சீலையே சுவராக இருக்கும் இடத்தில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு என்னவாகிறது? கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில், வருமானமின்றிக் கரையில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் தன்மதிப்பு என்னவாகிறது? 2022 போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் கிடங்குக் குடும்பங்களின் மறுவாழ்வும், எச்சரிக்கை நாட்களுக்கான ஊதியமும், மண்ணெண்ணெய் மானியமும் இடம்பெற்றிருந்தன. துறைமுகப் பணியை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையின் இரைச்சலில் இவை வெளியே கேட்கவில்லை.

ஒரு குடா, இரு கரைகள்

விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய பழம்பதி. அதன் சிறு குடாவின் ஒரு பக்கம் பள்ளிவாசலும் மறுபக்கம் தேவாலயமும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் சுற்றுவட்டாரக் கரைகளெல்லாம் சீற்றம் கொள்ளும்போது, பாதுகாப்பாகப் படகை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற இடம் அது. அம்மாதங்களில் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் குமரிக் கரையிலிருந்தும் வள்ளங்கள் வந்து குவியும். இடம் சிறிது, தேவை பெரிது. 1990களில் கத்தோலிக்க, முஸ்லிம் மீனவர்களுக்கு இடையே இங்கு மூண்ட மோதல்கள் உயிர்களைக் குடித்தன. வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள செறியதுறைக்கும் பீமாபள்ளிக்கும் இடையே எழுந்த பூசலின்போது 2009 மே 17-இல் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் மாண்டனர். தெற்கே, 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவ மோதல் வெடித்தது. அதை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் ஆர்.எஸ்.எஸ்.ஸின் பங்கைச் சுட்டிக்காட்டியது.

இந்த மோதல்களை மதத்தின் பெயரால் மட்டுமே விளக்குவோர் ஷெரிஃபைப் படிக்க வேண்டும். 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில், ஏறக்குறைய பதினொரு வயதுடைய 22 சிறுவர்களை இரு குழுக்களாக அவர் பிரித்தார். ஒரே இனம், ஒரே மதம், ஒத்த குடும்பப் பின்னணி. பரிசுக்காகப் போட்டியிட வைத்ததும் கொடிகள் எரிந்தன, அறைகள் சூறையாடப்பட்டன. சமாதானம் செய்விக்க அவர்களைச் சேர்ந்து உண்ண வைத்தபோது உணவையே எடுத்து எறிந்துகொண்டனர். முகாமுக்குத் தண்ணீர் வருவது தடைப்பட்டு எல்லாரும் சேர்ந்து தேட வேண்டியிருந்தபோதும், நின்றுபோன சரக்கு வண்டியை எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தபோதும்தான் பகை தணிந்தது. இரு அணிகளும் எதிரெதிரே நின்று இழுத்த அதே வடக்கயிற்றால் இப்போது ஒரே பக்கம் நின்று வண்டியை இழுத்தனர். கரைவலை இழுக்கும் கடற்கரையில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இந்த ஆய்வுக்கும் மறுபக்கம் உண்டு. இதற்கு முந்தைய ஆண்டு ஷெரிஃப் நடத்திய இதே போன்ற முகாமில், சிறுவர்கள் ஆய்வாளர்களின் தூண்டுதலைச் சந்தேகித்துத் தங்களுக்குள் சண்டையிட மறுத்துவிட்டனர். அந்தத் தோல்வியை ஜினா பெர்ரி 2018-இல் எழுதிய நூல் விரிவாக வெளிக்கொணர்ந்தது. தூண்டிவிடுவோர் யார் என்று மக்கள் கண்டுகொண்டால் சண்டை நடவாது என்பதும் ஒரு முடிவுதான். தோல்வி என்று ஒதுக்கப்பட்ட அந்த முகாமே அரசியல் இயக்கங்களுக்கு அதிகம் கற்றுத் தரக்கூடியது.

டாஜ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு எச்சரிக்கையைத் தந்தன. எந்த ஓவியரின் படம் பிடிக்கும் என்பது போன்ற அற்பக் காரணத்தால் குழு பிரித்தாலே போதும், பள்ளிச் சிறுவர்கள் தங்கள் குழுவுக்குச் சாதகமாகப் பணத்தைப் பங்கிட்டனர். மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிடக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்ற நாட்டமும் அவர்களிடம் தென்பட்டது. பொருளாதார நலன் ஒன்றாக இருப்பவர்கள் தாமாகவே ஒன்றுசேர்வார்கள் என்று நம்பிக் காத்திருப்போருக்கு இது கசப்பான உண்மை. 'நாம்' என்ற சொல்லை யாரேனும் உழைத்து உருவாக்கியாக வேண்டும். இல்லாவிடில் வேறு யாரேனும் வேறு எல்லைக்கோட்டில் அதை உருவாக்கிவிடுவார்கள்.

கேரளக் கரையில் அந்த உழைப்பு நடந்திருக்கிறது. 1980களில் இழுவைமடி விசைப்படகுகள் கடலடியைச் சுரண்டியபோது, மத எல்லைகளைத் தாண்டிப் பாரம்பரிய மீனவர்கள் தொழிலாளர்களாக அணிதிரண்டனர். உண்ணாவிரதங்களும் மறியல்களும் நடந்தன. 1988 முதல் மழைக்கால இழுவைமடித் தடை நடைமுறைக்கு வந்தது. வலையில் மீன் குறைந்தது எல்லாருக்கும் பொதுவான இழப்பு, எதிரே நின்றது எல்லாருக்கும் பொதுவான மூலதனம். ஷெரிஃபின் முகாமில் மூன்று வாரத்தில் பார்த்ததை இந்தக் கரை பல ஆண்டுப் போராட்டத்தில் செய்துகாட்டியது. சமூக உளவியல் பாடநூலில் ஒக்லஹோமா இருக்கிறது, இந்தப் போராட்டம் இல்லை.

2022-இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. துறைமுக ஒப்பந்தம் 2015-இல் காங்கிரஸ் ஆட்சியில் கையெழுத்தானது. அதன் விதிகள் தனியார் நிறுவனத்திற்குச் சாதகமானவை என்று 2017-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே குறை கூறினார். ஆகவே விவாதத்தின் மையத்தில் இருந்திருக்க வேண்டியது ஒப்பந்தமும் இழப்பீடும். ஆனால் போராட்டத் தரப்பிலிருந்த ஒரு பாதிரியார், அமைச்சர் ஒருவருடைய முஸ்லிம் பெயரைச் சுட்டி அப்பெயரிலேயே பயங்கரவாதி இருப்பதாகப் பேசினார்; பின்னர் மன்னிப்புக் கோரினார். மறுதரப்பிலோ, போராட்டத்தை வெளிச் சக்திகள் இயக்குவதாகப் பேசப்பட்டது. வாழ்வாதாரம் பற்றிய வழக்கு சில நாட்களில் அடையாளம் பற்றிய வழக்காக மாறியது. போராட்டம் டிசம்பர் 6-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வணிகக் கப்பல்கள் வந்தன. 2025 மே 2-இல் பிரதமர் துறைமுகத்தை முறைப்படி திறந்துவைத்தார். அந்தச் சொற்கள் கரையில் விட்டுச்சென்ற வடுவை யாரும் அளக்கவில்லை. எதிர்த்து நிற்கும் உழைப்பாளியைச் சதிகாரனாகக் காண்பதும், பெயரை வைத்து மனிதனைப் பயங்கரவாதியாகக் காண்பதும் ஒரே மனப்பிழையின் இரு வடிவங்கள். இடதுசாரிகள் முதலாவதிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இந்தப் பிழையால் இறுதியில் ஆதாயம் அடைவது மதவெறிச் சக்தியே.

அளவுகோல் யாருடையது?

இந்திய உளவியல் எப்போதும் கரையை விட்டு விலகி நின்றதில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியலுக்குத் தனித்துறை உருவானது. 1934 ஜனவரி 15 பிகார் நிலநடுக்கத்திற்குப் பின் பரவிய வதந்திகளைச் சேகரித்து ஜமுனா பிரசாத் மறு ஆண்டே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அழிவிலிருந்து தப்பியவர்களிடையே ஆறுதலான வதந்திகள் பரவாமல், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் ஏன் பரவின என்ற புதிர், பிற்காலத்தில் லியோன் ஃபெஸ்டிங்கரின் உலகப் புகழ்பெற்ற 'அறிதல் முரண்பாடு' கோட்பாட்டுக்கு வித்திட்டது. பிரிவினைக் கலவரங்களுக்குப் பின் இந்திய அரசின் வேண்டுகோளின் பேரில் யுனெஸ்கோ அனுப்பிய கார்ட்னர் மர்ஃபி, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து மதப்பகையின் வேர்களை ஆராய்ந்து 1953-இல் நூலாக வெளியிட்டார். குடியரசின் தொடக்கக் காலத்தில் மதவெறி ஓர் ஆய்வுப் பொருளாக அரசாலேயே ஏற்கப்பட்டிருந்தது.

இன்று மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் வெளிநாட்டு வினாத்தாள். ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பகுக்கும் முறை, 1936-இல் ஆல்போர்ட்டும் ஓட்பர்ட்டும் ஓர் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரைக் குறிக்கும் 17,953 சொற்களைப் பட்டியலிட்ட முயற்சியின் வழிவந்தது. பொலிவியாவில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் ட்சிமானே மக்களிடம் அந்த ஐந்து பண்புகளைத் தேடியபோது அவை அவ்வாறே கிடைக்கவில்லை என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2010-இல் ஹென்ரிக்கும் அவருடன் இணைந்தோரும், உளவியல் ஆய்வுகளின் பங்கேற்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் செல்வம் கொழிக்கும் மேலை நாட்டினர், குறிப்பாகக் கல்லூரி மாணவர்கள் என்பதையும், அவர்களைக் கொண்டு மனிதகுலம் முழுமைக்கும் முடிவு கூறுவது தவறு என்பதையும் நிறுவினர். 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தபோது ஏறத்தாழ 36 விழுக்காடே முன்போன்ற முடிவைத் தந்தன. சமூக உளவியல் ஆய்வுகளில் இந்த அளவு இன்னும் குறைவு. கட்டுமரத்தில் தனியே ஆழ்கடல் செல்பவனிடம் 'துணிச்சலான செயல்களில் ஈடுபடுவீர்களா' என்று கேட்டு ஐந்துக்கு எத்தனை என்று குறித்துக்கொண்டால், அந்த எண் எதை அளக்கிறது?

அறிவியல் தன் குறையைத் தானே கண்டறிந்து சொல்வது அதன் பெருமை. ஆனால் சந்தைக்கு அந்த அடக்கம் கிடையாது. காரியவட்டம் வளாகத்தின் அருகிலேயே 1990-இல் உருவான டெக்னோபார்க் இருக்கிறது. உளவியல் பட்டதாரியின் கண்ணுக்குத் தெரியும் வேலைவாய்ப்பு அந்தத் திசையில்தான்: ஆள்சேர்ப்புக்கான ஆளுமைச் சோதனை, பணியாளர் 'மனப்பான்மை'ப் பயிற்சி, அழுத்த மேலாண்மை. முறையான உளவியல் கல்வி பெறாத தாயும் மகளும் உருவாக்கிய மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை, ஆய்வாளர்களின் கடும் விமர்சனத்துக்கு உள்ளான பிறகும் உலகெங்கும் நிறுவனங்களில் விற்பனையாகிறது. பன்னிரண்டு மணி நேர உழைப்பால் நொந்தவனுக்கு மூச்சுப் பயிற்சி, வீட்டைக் கடலிடம் இழந்தவளுக்கு ஆற்றுப்படுத்தல் என்று, அமைப்பு தீர்க்க வேண்டியதைத் தனிமனிதன் தலையில் கட்டும் கருவியாக உளவியல் சுருங்கும் அபாயம் கண்முன் இருக்கிறது. ஆற்றுப்படுத்தல் தேவையற்றது என்பதில்லை. கணவனைக் கடலில் பறிகொடுத்து உடலையும் காணாமல் தவிக்கும் பெண்ணுக்கு அது மிகவும் தேவை. ஆனால் அது இழப்பீட்டுக்கு மாற்றாகிவிடக்கூடாது.

சொல்லும் இதற்குத் துணைபோகிறது. தமிழில் 'ஆளுமை' என்ற சொல் இன்று ஒருபுறம் புகழ்பெற்ற மனிதரைக் குறிக்கிறது. மறுபுறம் 'ஆளுமை வளர்ச்சி' என்ற பெயரில் நேர்காணலில் வெல்லும் நடையுடை பாவனையைக் குறிக்கிறது. இரண்டிலும் கரைவலை இழுப்பவனுக்கும் மீன்கூடை சுமப்பவளுக்கும் ஆளுமை இல்லை. மலையாளத்தில் தப்பெண்ணத்தைக் குறிக்க வழங்கும் 'முன்விதி' என்ற சொல் கூர்மையானது. விதி என்பது அங்கே நீதிமன்றத் தீர்ப்பையும் குறிக்கும். விசாரணைக்கு முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு என்ற பொருளை அச்சொல் தானே சொல்லிவிடுகிறது. தாய்மொழியில் பாடம் நடத்தினால் இத்தகைய சொற்களிலிருந்தே வகுப்பைத் தொடங்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, களப்பணி இப்பாடத்தின் நடுவில் வர வேண்டும். கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் வெளிப்பயிற்சிக்கு இடமிருக்கிறது. அந்த இடத்தை நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகள் மட்டுமே நிரப்பக்கூடாது. மீன்பிடித் துறைமுகம், மறுவாழ்வுக் குடியிருப்பு, மீனவர் கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்க அலுவலகம் ஆகியவையும் மாணவர்களின் பயிற்சிக் களங்களாக வேண்டும். மரீன்தால் ஆய்வாளர்களின் விதி அங்கே கடைப்பிடிக்கப்பட வேண்டும்: எடுத்துக்கொண்டு போக மட்டும் எவரும் வரக்கூடாது. சேகரித்தது என்ன, கண்டது என்ன என்பது அந்த மக்களின் மொழியில் அவர்களுக்கே திருப்பிச் சொல்லப்பட வேண்டும்.

இரண்டாவதாக, இந்திய மண்ணில் நடந்த ஆய்வுகள் பாடத்திட்டத்தில் உரிய இடம் பெற வேண்டும். உத்தரப்பிரதேசக் கிராமங்களில் வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைக் கொண்டு பொருளாதார ஆய்வாளர் மேட் லோ நடத்திய கிரிக்கெட் ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பயன் கிட்டவில்லை. சமத்துவமும் பொதுக் குறிக்கோளும் இருந்தால்தான் பழக்கம் தப்பெண்ணத்தைக் கரைக்கும் என்று 1954-இல் ஆல்போர்ட் வகுத்த நிபந்தனைக்கு இது நம் நாட்டுச் சான்று. சமபந்தி விருந்தோடு சாதி ஒழிந்துவிடும் என்று நினைப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

மூன்றாவதாக, கடற்கரைப் பிள்ளைகள் இத்துறைக்குள் வர வேண்டும். ஆராயப்படுபவர்களாக மட்டுமே இருந்தவர்கள் கேள்வி கேட்பவர்களாக மாறும்போதுதான் கேள்வியே மாறும். எல் சால்வடோரில் ஏழைப் பெரும்பான்மையின் கண்ணோட்டத்திலிருந்து உளவியலைக் கட்ட வேண்டும் என்று வாதிட்ட இக்னாசியோ மார்ட்டின்-பாரோ ஒரு பாதிரியார், பல்கலைக்கழகப் பேராசிரியர். அரசு சொல்லும் பொய்யை உடைக்க மக்கள் கருத்துக் கணிப்பையே கருவியாக்கிய அவரை 1989 நவம்பர் 16-இல் இராணுவம் பல்கலைக்கழக வளாகத்திலேயே சுட்டுக் கொன்றது. சமூக உளவியல் மக்கள் பக்கம் நின்றால் ஆளும் வர்க்கம் அதை எவ்வளவு அஞ்சும் என்பதற்கு அவருடைய இரத்தமே சாட்சி. அரசுக் கல்லூரிகளில் உளவியல் இடங்களைப் பெருக்குவதும், மீனவர் குடும்பத்து மாணவர்களின் உதவித்தொகையை முதுகலை, ஆய்வு நிலை வரை தடையின்றி வழங்குவதும் இதற்கு முன்நிபந்தனைகள்.

உளவியல் வர்க்கப் போராட்டத்துக்கு மாற்று இல்லை. துறைமுக ஒப்பந்தத்தின் அநீதியை எந்த மனப்பயிற்சியாலும் சரிசெய்ய முடியாது. ஆயினும் ஒரே வறுமையில் வாழும் இரு கரைகள் ஏன் ஒன்றையொன்று பகைக்கின்றன, எந்தச் சூழலில் அவை ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கின்றன என்று அறியாமல் ஒற்றுமையைக் கட்டவும் முடியாது. மதவெறி அமைப்புகள் இந்த அறிவைப் பட்டம் பெறாமலே பயன்படுத்துகின்றன. எந்தத் தெருவில் எந்த வதந்தி எடுபடும் என்று அவை நன்கறியும். அதற்கு எதிரான அறிவு பல்கலைக்கழகத்தின் தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாகாது. மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் மீனவர் தொழிற்சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து விழிஞ்ஞத்தை ஒரு பாடமாக எழுத வேண்டும். அடுத்த பருவமழையில் குடாவுக்குள் படகுகள் வந்து நெருக்கிக்கொண்டு நிற்பதற்கு முன் அந்த வேலை தொடங்கட்டும்.